கல் யார் கையில்

என் மகளுக்குப் பேசத் தெரியவில்லை என்று யாரும் குறை சொன்னதில்லை. நிறுத்தத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

அவளுக்கு எட்டு வயது. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அவள் பேசுவதெல்லாம் அட்டைகளைப் பற்றி. மழை விட்டதும் தேயிலைச் செடிகளின் அடியில் நெளியுமே, அந்த அட்டைகள்தான். அட்டைக்குப் பத்துக் கண்கள், மூன்று தாடைகள், நாம் விடும் மூச்சை வைத்தே நாம் வருவதை அது தெரிந்துகொள்ளும் என்றெல்லாம் தொடங்கினால் கேட்பவர் எழுந்து போன பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பில் மொத்தமே ஆறு பிள்ளைகள். மற்ற ஐந்து பேரும் ஓய்வு நேரத்தில் ஒரு மேசையில் சாப்பிடுவார்கள். இவள் அடுத்த மேசையில் தனியாகச் சாப்பிடுவாள்.

ஒரு நாள் அவளை அழைத்துவரப் போனபோது என் காதாலேயே கேட்டேன். "ரேடியோ வருதுடா. யாராச்சும் பேட்டரியக் கழட்டுங்க." சொன்ன பையன் என்னைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாக, "வணக்கம் அங்கிள்" என்றான். என் மகளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். ரேடியோ என்பது தான்தான் என்று அவளுக்குப் புரிந்திருக்கவில்லை.

நான் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். தோட்டத்தில் என்னை இன்னும் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாமதமாகத் திருமணம் செய்து, அதைவிடத் தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை. எனக்கு ஐம்பது நெருங்குகிறது. நான் போன பிறகு இவள் யாரோடு பேசுவாள் என்ற எண்ணம் வந்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பள்ளிக்கு வாரம் இரண்டு முறை பிரிஞ்சாங் பட்டணத்திலிருந்து ஓர் ஆசிரியை வருவார். பிள்ளைகளுக்குப் பழகும் முறையையும் பேசும் முறையையும் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அவர்தான் என்னை உட்காரவைத்து விளக்கினார். "ஐயா, அவளுக்குச் சொல்ல நெறைய இருக்கு. அது நல்லதுதான். ஆனா பேச்சுன்னா பந்து மாதிரி. பந்த அவளே வச்சிக்கிட்டா மத்தவங்க எப்படி விளையாடுவாங்க? முகத்தப் பாக்கணும். ஒரு கேள்வி கேக்கணும். பதிலுக்காக மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். வீட்டுல ஒரு பொருள வச்சிப் பழக்குங்க. அது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசலாம். மத்தவங்க பேசணும்னா கைய நீட்டிக் காத்திருக்கணும்."

நாங்கள் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தோம். கோலா தெர்லா பக்கம் போயிருந்தபோது ஆற்றோரம் அவளே பொறுக்கிய கல். கறுப்பு, கோழிமுட்டை அளவு, ஒரு பக்கம் தட்டை. தன் அம்மாவின் மஞ்சள் நகச்சாயத்தால் அதில் பத்துப் புள்ளிகள் வைத்தாள். அட்டையின் கண்களாம்.

முதல் வாரம் பெரும்பாடு. கல்லைக் கொடுக்கவே மாட்டாள். பிடுங்கினால் அழுவாள். என் மனைவி கியா பார்ம் சந்தையில் ஒரு கடையில் ஸ்ட்ராபெரி விற்கிறாள். எந்த ஊர்க்காரர் வந்தாலும் இரண்டு நிமிடத்தில் சொந்தக்காரர் ஆக்கிவிடுவாள். அவள் எங்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நீங்களா இவளுக்குப் பேசக் கத்துக் குடுக்குறீங்க? பதினாலு வருசமா இந்த வீட்டுல நான் தனியாத்தான் பேசிக்கிட்டு இருக்கேன் லா. அந்தக் கல்ல ஒரு நாளு எனக்கும் குடுங்க, அப்பவாச்சும் நீங்க காது குடுக்குறீங்களான்னு பாக்குறேன்."

மூன்றாவது வாரத்தில் ஏதோ ஒன்று மகளுக்குப் பிடிபட்டது. அதன்பின் விதியை எங்களைவிடக் கறாராகக் காப்பாற்றினாள். கல் இல்லாமல் வாயே திறக்கமாட்டாள். கையை நீட்டியபடி, உதடுகளை இறுக்கிக்கொண்டு நிற்பாள். கல் கைக்கு வந்ததும் முதலில் கேள்வி. "பசியாறிட்டீங்களா?" எங்கள் ஊரில் காலையில் எதிர்ப்படும் யாரும் கேட்கும் கேள்விதான் அது. அவள் அதை எந்த நேரத்திலும் கேட்டாள். பிறகு கல்லைக் கொடுத்துவிட்டு, விரல்களைத் தொடையில் தட்டி ஐந்து எண்ணுவாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஒன்றைச் சாதித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் சமையலறையில் தனியாகப் பயிற்சி செய்வதைப் பார்த்தேன். வீட்டில் ஆள் இல்லாதபோது பொம்மையை வைத்துப் பழகலாம் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பொம்மை எதுவும் இல்லை. வெறும் நாற்காலி. நாற்காலியின் மேல் கல்லை வைத்துவிட்டு எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஐந்து எண்ணும் நேரம் கடந்துவிட்டது. பத்தும் கடந்தது. அவள் தலையை லேசாகச் சாய்த்து, யாரோ நீளமாகச் சொல்வதைக் கேட்பதுபோல் நின்றாள். பிறகு தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினாள். நான் இருமியதும் திரும்பிப் பார்த்தாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கல் நாற்காலியில் அல்லவா இருந்தது.

இதை மனைவியிடம் சொன்னபோது, "விளையாடுது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள். அதுவும் சரிதான்.

பள்ளி முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு மலைப்பாதை வழியாக அலுவலகத்துக்கு நடந்து வருவது என் வழக்கம். மாலை மனைவி வரும்வரை அவள் அலுவலகத்தில் இருப்பாள். அரை மணி நேர நடை. ஒரு பக்கம் மேட்டில் தேயிலை, மறுபக்கம் சரிவில் தேயிலை, நடுவில் லோரி போகும் மண்பாதை. போகும்போது கல்லை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டு போவோம்.

அன்றைக்குப் பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது. அது புதிதல்ல, மத்தியானத்துக்கு மேல் இங்கே அப்படித்தான். முதலில் எதிர் மலை போகும், பிறகு சரிவு போகும், பிறகு நம் செருப்பு மட்டும் தெரியும். அவள் அட்டையைப் பற்றி ஏதோ சொல்லி முடித்துக் கல்லை என்னிடம் கொடுத்தாள். என் முறை. நான் என்ன கேட்கலாம் என்று யோசிப்பதற்குள் கைப்பேசி அடித்தது. தொழிற்சாலையிலிருந்து. கொழுந்து லோரி வந்து நிற்கிறது, நிறுவையில் ஆள் இல்லை, என்ன செய்வது என்று கேட்டார்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்ததால் நான் இரண்டு அடி தள்ளி, திரும்பி நின்று பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போது என் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். அவள்தான். பார்க்காமலே கையை உதறிவிட்டேன். மூன்று நிமிடம் இருக்கலாம், நான்கு இருக்கலாம். பேசி முடித்துத் திரும்பினேன்.

பாதையில் யாரும் இல்லை.

முதலில் சாதாரணமாகத்தான் கூப்பிட்டேன். "பாப்பா." பதில் இல்லை. பத்தடி முன்னே போனேன், பத்தடி பின்னே வந்தேன். குரலை உயர்த்தினேன். மூட்டத்தில் கூப்பிட்டால் குரல் தூரம் போவதில்லை. ஈரத் துணியில் முகம் வைத்துக் கத்துவதுபோல் இருக்கும். சரிவின் கீழே ஓடை ஒன்று ஓடுகிறது. அதன் சத்தம் மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. நாளெல்லாம் பேசும் பிள்ளை. பேச்சை நிறுத்தத் தெரியாது என்று பள்ளியில் புகார் வந்த பிள்ளை. அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அப்போது மேலிருந்து கொழுந்து பறிக்கும் கூட்டம் இறங்கிவந்தது. ஆட்கள் தெரியுமுன் குரல்கள் வந்தன. மூட்டத்தில் வேலை செய்யும்போது எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாயை மூடக்கூடாது. நிரைக்கு நிரை "ஓய்", "ஓய்" என்று கூவிக்கொண்டே இருக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்று கங்காணிக்குத் தெரிய அதுதான் வழி. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் தமிழில் முதலில் படிப்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

கங்காணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அறுபது வயதுக்காரர், என் மகள் அட்டைக் கதை சொல்லும்போது நின்று கேட்கும் ஒரே ஆள். அவர் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. "ஆளுக்கு ஒரு நிரை. ரெண்டு பக்கமும் போங்க. கூப்பிட்டுக்கிட்டே போங்க, வாய மூடாதீங்க."

பன்னிரண்டு பேர் பிரிந்து போனார்கள். பாப்பா, பாப்பா என்று மலை முழுக்கக் குரல்கள். நடுவில் ஓய், ஓய். ஒரு குரல் ஓயுமுன் இன்னொன்று. நானும் கத்திக்கொண்டே சரிவில் இறங்கி ஏறினேன். அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். தேயிலைச் செடியின் மேற்பரப்பு பாய் விரித்ததுபோல் இருக்குமே தவிர, கீழே கிளைகளுக்கு நடுவே ஒரு பிள்ளை தவழ்ந்து போகும் அளவுக்கு இடம் உண்டு. ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தேன். இருட்டு, சேறு, நெளியும் அட்டைகள்.

நின்று மூச்சு வாங்கியபோது குளிருக்காகக் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டேன். விரலில் கல் தட்டுப்பட்டது.

எனக்கு எல்லாம் ஒரே கணத்தில் புரிந்தது. அவள் கல்லை என்னிடம் கொடுத்தாள். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டையை இழுத்தது கையை நீட்டிக் கேட்டதுதான். உதறிவிட்டேன். அவள் எங்கோ இருக்கிறாள், நாங்கள் கூப்பிடுவது அவளுக்குக் கேட்கிறது. அவள் காத்திருக்கிறாள்.

பாதைக்கு ஏறி ஓடினேன். "எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க. யாரும் பேசக்கூடாது."

கங்காணி என்னை உற்றுப் பார்த்தார். "சத்தம் நின்னா நம்ம ஆளே தவறிப் போயிருவாங்க, கிராணி. போன மாசம் பெஞ்ச மழையில கீழ கரையெல்லாம் இடிஞ்சி கெடக்கு."

"அப்ப எல்லாரையும் பாதைக்கு வரச் சொல்லுங்க. வந்ததும் நிறுத்துங்க. என் பேச்சக் கேளுங்க."

அவர் விரல்களை வாயில் வைத்து நீளமாகச் சீழ்க்கை அடித்தார். ஒவ்வொருவராக வெள்ளைக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். வருகிறவர்களின் தோளைத் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. இரண்டாவது முறையும் எண்ணினார். பன்னிரண்டு.

"யாரும் பேசாதீங்க" என்றார்.

அந்த மலையில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மூட்டம் இறங்கிய நேரத்தில் மனிதர்கள் கூடி நின்று வாயை மூடிக்கொண்டது அநேகமாக அதுதான் முதல் தடவை. இலைகளிலிருந்து நீர் சொட்டியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

கீழே, ஓடைப் பக்கத்திலிருந்து, "ஓய்" என்றது ஒரு குரல்.

பிள்ளைக் குரல் அல்ல. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, வேலை செய்து களைத்த குரல். வழக்கமாகக் கூவும் அதே இழுவை.

கங்காணி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். எல்லோரும் அங்கேயே நின்றார்கள். ஒரு பெண் மெதுவாகத் தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"எதிரொலி" என்றார் கங்காணி, என் முகத்தைப் பார்க்காமல்.

எதிரொலிக்கு முன்னால் யாராவது கூவியிருக்க வேண்டுமே என்று நான் கேட்கவில்லை. எனக்கு என் பிள்ளை வேண்டும். சரிவில் ஐந்தாறு அடி தனியாக இறங்கினேன். கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து, கையை மூட்டத்துக்குள் நீட்டினேன். வீட்டில் பழகியபடியே சொன்னேன். "நான் பேசி முடிச்சிட்டேன்மா. உன் முறை."

கண்ணை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நான்கில் என் கை இலேசானது.

என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. கல் நழுவி விழுந்திருக்கலாம். ஆனால் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். எதிரே யாரும் இல்லை. செடிகளின் வரிசைகூடத் தெரியவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், பாதைக்கும் மேலே மேட்டிலிருந்து, தெளிவாகக் கேட்டது.

"பசியாறிட்டீங்களா?"

என் மகளின் குரல். நான் அங்கேயே நின்று, "இன்னும் இல்லம்மா, நீ எங்க இருக்க?" என்று கத்தினேன். அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. ஐந்து எண்ணும் அளவுக்கு இடைவெளி விட்டாள். ஐந்துக்கும் சற்று மேலே. பிறகு, "அட்டைக்குப் பத்துக் கண்ணு. தெரியுமா?" என்றாள். மறுபடியும் இடைவெளி. பிறகு மெல்லிய சிரிப்பு.

நாங்கள் எல்லோரும் கூடி நின்ற இடத்துக்கு மேலே, பத்தடிகூட இருக்காது, ஒரு செடிக்கு அடியில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கங்காணிதான் முதலில் எட்டி அவளைத் தூக்கினார். கணுக்காலில் நான்கு அட்டைகள் ஊதிப் பருத்திருந்தன. அவற்றை அவள் தட்டிவிடவில்லை. மடியில் கல் இருந்தது. மஞ்சள் புள்ளிகளை நான் எண்ணினேன். பத்து.

"ஏம்மா, நாங்க கூப்பிட்டது கேக்கலையா?"

"கேட்டுச்சே."

"கேட்டா ஏன் பேசல?"

"கல்லு உங்ககிட்ட இருந்துச்சுப்பா. நான் கைய நீட்டுனேன், நீங்க குடுக்கல. சரி, அட்டையப் பாத்துட்டு வரலாம்னு ஏறுனேன். அதுக்குள்ள எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிட்டாங்க." கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். "இவங்க யாருக்குமே முறை தெரியல."

ஒரு பெண் சிரித்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள்.

"இப்பக் கல்லு எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"குடுத்தாங்க."

"யாரு குடுத்தா?"

"ஓய்னு கடைசியாக் கூப்பிட்டாங்கல்ல, அவங்க. அவங்களுக்கு முறை தெரியுதுப்பா. பேசி முடிச்சதும் குடுத்துட்டாங்க. பாவம், இன்னும் பசியாறலையாம்."

கங்காணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவளைச் சுற்றினார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க ஐயா. இங்க வச்சி ஒண்ணும் கேக்காதீங்க." எப்போதும் கிராணி என்று கூப்பிடுகிறவர், அன்று மட்டும் ஐயா என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கல்லைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. "ஃபோன் பேசுறப்ப ஒரு கையால புள்ளயப் பிடிச்சிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். பிறகு மகளின் கணுக்காலில் ரத்தம் கசிந்த இடங்களைத் துடைக்கத் தொடங்கினாள்.

நான் படித்தவன். நடந்ததைப் பலமுறை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். அவள் சரிவில்தான் என் அருகே ஒளிந்திருந்தாள், கல் நழுவியதும் எடுத்துக்கொண்டு செடிகளின் அடியாகவே தவழ்ந்து மேலே போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடுவில் பாதை இருக்கிறது. பாதையில் பன்னிரண்டு பேரும் கங்காணியும் நின்றார்கள். கல் என் கையை விட்டதற்கும் அவள் குரல் வந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று அலுவலக மேசையில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். சில நாள் பத்து வருகிறது, சில நாள் மூன்றுதான் வருகிறது.

அடுத்த மாதம் ஆசிரியை என்னை அழைத்துப் பாராட்டினார். "நல்லா மாறிட்டா ஐயா. மத்தவங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கா. இப்ப ஓய்வு நேரத்துல அவங்க கூடத்தான் ஒக்காந்து சாப்புடுறா." உண்மைதான். போய்ப் பார்த்தேன். ஆறு பேரும் ஒரே மேசையில் இருந்தார்கள். யாரும் ரேடியோ என்று சொல்லவில்லை. இதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன். ஆனால் ஒரு பிள்ளை அவளிடம் ஏதோ கேட்டபோது, பதில் சொல்லுமுன் அவள் தனக்கு இடப்பக்கம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அங்கே இன்னொருவர் சொல்லி முடிக்கட்டும் என்பதுபோல். பிறகுதான் பேசினாள். மற்ற பிள்ளைகளும் அதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். அந்த நேரம் அவர்களும் பேசாமல் இருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பசியாற உட்கார்ந்தோம். கல்லை எடுத்து ஒளித்துவைக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கல் இல்லாவிட்டால் அவள் பேசாமலே போய்விடுவாளோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். அன்று ஒரு முடிவோடு இருந்தேன். கல் என் கைக்கு வந்ததும் சொன்னேன்.

"இனிமே ஒரு புது விதி பாப்பா. மூட்டத்துல கல்லு கிடையாது. மூட்டம் எறங்குனா யார் முறைன்னு பாக்கக்கூடாது. வாய மூடவே கூடாது. நாங்க கூப்பிட்டா உடனே ஓய்னு சொல்லணும். சொல்லிக்கிட்டே இருக்கணும். கங்காணித் தாத்தா ஆளுங்க மாதிரி."

மகள் என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள். கல்லைக் கொடுத்தேன். சன்னலுக்கு வெளியே எதிர் மலை தெரிந்தது, அதன் பாதிவரை.

"எல்லாரும் பேசிக்கிட்டே இருந்தா" என்றாள் அவள், "அவங்க எப்பப்பா பேசுவாங்க?"

கேட்டுவிட்டு, கற்றுக்கொடுத்தபடி, கல்லைத் திரும்ப என் உள்ளங்கையில் வைத்தாள். தொடையில் விரல் தட்டி எண்ணத் தொடங்கினாள். கல் குளிர்ந்திருந்தது. என் முறை.